தங்கம் தோண்டிய கைகளும் மனை விற்கும் மூலதனமும்

(கோலார் தங்கவயல் ஸ்கெலட்டன் பகுதியில் நடைபெற்ற கட்சி உறுப்பினர் அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டன. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கத்தை வெளியே அனுப்பிய ஊரில் அன்று உற்பத்தி நின்றது. மூவாயிரத்துக்கும் அதிகமான நிரந்தரத் தொழிலாளர்கள் ஒரே நாளில் வேலை இழந்தனர். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. மாரிகுப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயில்களில் உரிகம், கொரமண்டல், பங்காருப்பேட்டை வழியாக ஆயிரக்கணக்கானோர் அன்றாடம் சுமார் 100 கிலோமீட்டர் பயணம் செய்து பெங்களூரு செல்கின்றனர், இரவில் திரும்புகின்றனர். அவர்களில் கொத்தனார் உண்டு, சித்தாள் உண்டு, கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் போடுபவர், பெயின்டர், எலெக்ட்ரீஷியன் உண்டு. கட்டி முடித்த அடுக்குமாடிகளில் செக்யூரிட்டியாக நிற்பவரும், ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கும் பெண்களும் உண்டு.

சுரங்கத் தொழிலாளியின் மகனும் மகளும் கட்டுமானத் துறையிலும் அதைச் சார்ந்த பணிகளிலும் ஏன் வந்து சேர்ந்தார்கள்? இது தனிப்பட்ட குடும்பங்களின் தலைவிதி அன்று. இந்திய முதலாளித்துவம் தன் லாபத்தைத் தேடும் இடம் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ளாமல் தங்கவயலின் இன்றைய பிரச்சினைகளான வேலை, வீடு, நிலம் ஆகிய மூன்றில் எதற்கும் சரியான முழக்கத்தை வகுக்க முடியாது.

சுரங்கமும் மனையும் ஒரே அத்தியாயத்தில்

மூலதனம் நூலின் மூன்றாம் தொகுதியில் 46ஆம் அத்தியாயம் மூன்று பொருள்களைச் சேர்த்து விவாதிக்கிறது: கட்டட மனைகளின் வாரம், சுரங்கங்களின் வாரம், நிலத்தின் விலை. தங்கவயல் தோழர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை. சுரங்கத்தில் நிலத்தின் பயன் அதன் அடியில் கிடக்கிறது. மனையில் நிலத்தின் பயன் அதன் இருப்பிடத்தில் இருக்கிறது. இரண்டிலும் நிலத்துக்கு உரிமையாளராக இருப்பவர் ஒரு செங்கல்லைக்கூட எடுத்து வைக்காமல், சமூகத்தின் உழைப்பில் ஒரு பங்கைத் தமக்கென வாங்கிக்கொள்கிறார். அந்தப் பங்கின் பெயர்தான் நிலவாரம்.

வேகமாக வளரும் நகரங்களில் கட்டட ஊக வணிகர்கள் உண்மையில் குறிவைப்பது வீட்டை அன்று, வீட்டின் கீழுள்ள நிலத்தின் வாரத்தையே என்று மார்க்ஸ் அந்த அத்தியாயத்தில் சுட்டிக்காட்டுகிறார். லண்டனைப் பார்த்து எழுதப்பட்ட இந்தக் கருத்து இன்று ஒயிட்ஃபீல்டுக்கும் சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் அப்படியே பொருந்துகிறது.

நிலத்தின் விலை எப்படி உருவாகிறது? நிலம் உழைப்பால் உண்டாக்கப்பட்ட பொருள் அன்று. எனவே அதற்கு மதிப்பு கிடையாது. ஆனால் விலை உண்டு. அது தரும் வாரத்தை வட்டி விகிதத்தால் வகுத்தால் வருவதே அதன் விலை. எடுத்துக்காட்டாக, ஒரு மனை ஆண்டுக்கு 60,000 ரூபாய் வாரம் தருமென்றும் வட்டி 6 விழுக்காடு என்றும் கொள்வோம். அந்த மனையின் விலை 10 லட்சம். வட்டி 5 விழுக்காடாகக் குறைந்தால் அதே மனை 12 லட்சமாகிவிடும். யாரும் உழைக்கவில்லை, எதுவும் உற்பத்தியாகவில்லை. ஆனால் நில உரிமையாளர் 2 லட்சம் ‘சம்பாதித்துவிட்டார்’. அருகில் அரசு ஒரு நெடுஞ்சாலை போட்டால் வாரம் உயர்ந்து விலை மறுபடியும் ஏறும். மக்களின் வரிப்பணம் நில உரிமையாளரின் பையில் போய்ச் சேரும் வழி இதுதான்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டடம் கட்டும் தொழிலாளியின் உழைப்பு உற்பத்தி உழைப்பு. அவர் மதிப்பையும் உபரி மதிப்பையும் படைக்கிறார். நிலத்தின் விலையேற்றம் எதையும் படைப்பதில்லை. வேறிடத்தில் படைக்கப்பட்ட உபரியைப் பங்கு கேட்கிறது. ‘கட்டுமானம் மற்றும் ரியல் எஸ்டேட் துறை’ என்று ஒரே மூச்சில் சொல்லும்போது இந்த இரண்டும் குழம்பிவிடுகின்றன. பெரும் மனை வணிக நிறுவனங்களோ கட்டுமான லாபம், நிலவாரம், கடன் வட்டி ஆகிய மூன்றையும் ஒரே கையில் சேர்த்து வைத்திருக்கின்றன.

லைன் வீடுகளின் காலம்

முன்பு முதலாளித்துவத்துக்குக் கட்டடம் எதற்குத் தேவைப்பட்டது என்பதற்குத் தங்கவயலே சாட்சி. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கு கால் வைத்தது. வட ஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து, பெரும்பாலும் தலித் மக்களாகிய நிலமற்ற கூலிகள் திரட்டப்பட்டனர். 1894இல் பங்காருப்பேட்டை – மாரிகுப்பம் ரயில் பாதை வந்தது. 1902இல் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான நீர் மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் தொலைவு கடந்து இங்கு வந்து சேர்ந்தது. பெங்களூரு நகரத்துக்கு மின்விளக்கு கிடைப்பதற்கு முன்பே தங்கவயலுக்கு மின்சாரம் கிடைத்தது. காரணம், இங்கே உற்பத்தி இருந்தது. அதன் லாபம் லண்டனுக்குச் சென்றுகொண்டிருந்தது.

தொழிலாளிக்குக் கிடைத்தது மூங்கில் தட்டியால் ஆன குடிசை. பின்னர் லைன் வீடு. அந்த வீடு விற்பனைப் பொருளாகக் கட்டப்படவில்லை. ஷாஃப்டுக்கு அருகில் உழைப்புச் சக்தியை மலிவாக வைத்திருக்கவும், கட்டுப்பாட்டில் வைத்திருக்கவும் கட்டப்பட்டது. வேலை போனால் வீடும் போகும் என்ற அச்சம் கம்பெனியின் கையில் ஓர் ஆயுதமாக இருந்தது. அந்த அச்சத்தையும் மீறித்தான் 1930இல் கைரேகைப் பதிவுக்கு எதிராக ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து அந்த ஆணையை முறியடித்தனர். 1940களில் கே.எஸ்.வாசன் முதலான கம்யூனிஸ்டுகள் சங்கத்தைக் கட்டியதும் இந்த லைன்களுக்குள்தான்.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றுக்கொண்டது. 1962இல் அவை மத்திய அரசிடம் சென்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. இந்தக் காலம் முழுவதிலும் நிலமும் கட்டடமும் உற்பத்தியின் துணைக் கருவிகளாகவே இருந்தன. உற்பத்தி முதன்மையானது, மனை இரண்டாம் பட்சமானது. இந்த வரிசைதான் பிற்காலத்தில் தலைகீழானது.

வரிசை தலைகீழான வரலாறு

நவீன தாராளமயக் கொள்கை நிலத்தின் மீதிருந்த தடைகளை ஒவ்வொன்றாக நீக்கியது. ஒருவரே அளவுக்கு மீறி நகர்ப்புற நிலம் வைத்திருப்பதைத் தடுக்க 1976இல் கொண்டுவரப்பட்ட நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தை 1999இல் நாடாளுமன்றம் ரத்து செய்தது. 2005இல் கட்டுமான மேம்பாட்டுத் துறையில் 100 விழுக்காடு அந்நிய நேரடி முதலீடு அனுமதிக்கப்பட்டது. அதே ஆண்டில் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் வந்தது. 2014இல் மனைச் சொத்துகளைப் பங்குச் சந்தையில் துண்டுகளாக விற்கும் முதலீட்டு அறக்கட்டளைகளுக்கு செபி விதிமுறை வகுத்தது. 2019இல் நாட்டின் முதல் அத்தகைய அறக்கட்டளை, அமெரிக்க நிதி நிறுவனமான பிளாக்ஸ்டோனின் கூட்டுடன், பெங்களூருவின் எம்பசி குழுமத்திலிருந்தே சந்தைக்கு வந்தது. 2020இல் கர்நாடக அரசு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகளை நீக்கி, விவசாயி அல்லாதவரும் விளைநிலத்தை வாங்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது.

இதன் விளைவைத் தொழிற்சாலை நிலங்களில் காணலாம். மும்பையில் 1982 ஜவுளி வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் நொடித்தன. நகரின் நடுவே ஆலைகளுக்குச் சொந்தமான சுமார் 600 ஏக்கர் நிலம் வணிக வளாகங்களாகவும் உயர்ந்த கோபுரங்களாகவும் மாறியது. சென்னை பெரம்பூரில் சிங்காரவேலர், திரு.வி.க. காலத்துத் தொழிற்சங்க வரலாற்றைச் சுமந்து நின்ற பி அண்ட் சி மில் 1996இல் மூடப்பட்டது. அங்கே இன்று அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ராஜா மில் இருந்த இடத்தில் பெரும் வணிக மால் நிற்கிறது. ஆலையை நவீனப்படுத்தி நடத்துவதைவிட அதன் நிலத்தை விற்பது முதலாளிக்கு அதிக லாபம் தருகிறது. இந்த நிலை உருவானபின் ‘நலிந்த ஆலை’ என்பது சில நேரங்களில் முதலாளியின் தோல்வியாக இல்லாமல் அவரது திட்டமாகவே ஆகிவிட்டது.

தொழில் வளராத நாட்டில் வேலை தரும் துறை

வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் இந்த மாற்றத்தின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1999–2000இல் நாட்டின் உழைப்பாளர்களில் 4 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டியவர்களே கட்டுமானத்தில் இருந்தனர். 2011–12இல் அது 10 விழுக்காட்டைக் கடந்தது. 2023–24ஆம் ஆண்டுக்கான அரசின் உழைப்புச் சக்தி ஆய்வின்படி, கட்டுமானத்தில் 12 விழுக்காடு. ஆலை உற்பத்தி உள்ளிட்ட தயாரிப்புத் துறை முழுவதிலும் 11.4 விழுக்காடு. தொழிற்சாலையா, கட்டுமானத் தளமா, எது அதிகம் பேருக்கு வேலை தருகிறது என்று கேட்டால், தொழிற்சாலை என்று இனிச் சொல்ல முடியாது; கட்டுமானத் தளம் என்றே சொல்ல வேண்டும்.

ஆளும் வர்க்கங்கள் இதை வளர்ச்சி என்கின்றன. உண்மையில் இரண்டு தோல்விகள் இங்கே சந்திக்கின்றன. விவசாயம் வாழவைக்கவில்லை; தொழில்துறை அழைத்துக்கொள்ளவில்லை. இடையில் தவிக்கும் கோடிக்கணக்கானோரை மேஸ்திரியின் கூலிப் பட்டியல் ஏற்றுக்கொள்கிறது. தங்கவயலில் இதன் வடிவம் இன்னும் கொடுமையானது. பி.எஃப்., போனஸ், மருத்துவமனை, சங்கம் என்று நான்கு தலைமுறை போராடிப் பெற்ற அமைப்பு சார்ந்த தொழிலாளி வர்க்கத்தின் வாரிசுகள், அன்றன்றைய கூலிக்கு அன்றாடம் ஊர் கடந்து செல்லும் அமைப்புசாராத் தொழிலாளிகளாக்கப்பட்டனர். ரயிலில் கழியும் நான்கைந்து மணி நேரத்துக்கு எந்தக் கூலியும் இல்லை. பெங்களூருவில் வாடகை கொடுத்து வாழ முடியாததால் தங்கவயலின் பழைய லைன் வீடுகளில் வாழ்ந்துகொண்டு அங்கே வேலை செய்கிறார்கள். அதாவது, பெங்களூரு மனை முதலாளிக்கு மலிவான உழைப்பு கிடைப்பதற்கான செலவின் ஒரு பகுதியை இந்த லைன் வீடுகள்தான் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கின்றன.

பாதுகாப்பின் நிலை என்ன? 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டனர். 2024 அக்டோபரில் பெங்களூரு பாபுசாபாளையாவில் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். சுரங்கத்தில் பாறை வெடிப்பில் உறவினரை இழந்த குடும்பங்களுக்கு இந்தச் செய்திகள் அந்நியமானவை அல்ல. சுரங்கத் தூசியால் வந்த சிலிக்கோசிஸ் நோயைப் பற்றி 1940களிலேயே இங்கு மருத்துவ ஆய்வு நடந்து, இழப்பீட்டுக்கு விதிகளும் வந்தன. இன்று கல் அறுக்கும், டைல்ஸ் வெட்டும், சுவர் துளையிடும் தொழிலாளி அதே சிலிக்காத் தூசியைச் சுவாசிக்கிறார். அவரைப் பரிசோதிக்க எந்தத் தளத்தில் மருத்துவர் இருக்கிறார்?

அரசு யார் பக்கம் நிற்கிறது என்பது 2020 மே மாதத்தில் மறைப்பின்றி வெளிப்பட்டது. ஊரடங்கில் சிக்கிய புலம்பெயர் தொழிலாளர்கள் ஊர் திரும்பத் தவித்தபோது, அன்றைய கர்நாடக முதலமைச்சர் எடியூரப்பா கட்டுமான நிறுவன உரிமையாளர்களைச் சந்தித்தார். அதையடுத்து தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்கள் வேண்டாம் என்று அரசு ரயில்வேக்கு எழுதியது. நாடெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகே அந்த முடிவு கைவிடப்பட்டது. கட்டுமான மூலதனத்துக்கு உழைப்பாளி எவ்வளவு தேவை, உழைப்பாளியின் விருப்பம் எவ்வளவு தேவையில்லை என்பதை அந்தச் சில நாட்கள் காட்டின.

நிதி மூலதனத்தின் புகலிடம்

கூலி உயராத சமூகத்தில் இவ்வளவு கட்டடங்களை யார் வாங்குவது? இந்தக் கேள்விக்கு நிதி மூலதனம் அளித்த விடை கடன். 2024 மார்ச் நிலவரப்படி இந்திய வங்கிகளின் வீட்டுக் கடன் நிலுவை சுமார் 27 லட்சம் கோடி ரூபாய். ஒரு நடுத்தரக் குடும்பம் 20 ஆண்டுகளுக்குத் தன் எதிர்காலச் சம்பளத்தை அடகு வைத்து இன்றைய மனை விலையைத் தாங்கிப் பிடிக்கிறது. மாதத் தவணை கட்டும் ஐ.டி. ஊழியர் வேலைநீக்கத்தை எண்ணி அஞ்சுகிறார்; அந்த அச்சம் அவரைச் சங்கத்திலிருந்து விலக்கி வைக்கிறது. லைன் வீட்டின் மூலம் கம்பெனி செய்த கட்டுப்பாட்டை இன்று வங்கித் தவணை செய்கிறது.

இந்த ஏற்பாடு நெருக்கடியைத் தவிர்ப்பதில்லை, ஒத்திப்போடுகிறது. 2008இல் அமெரிக்காவில் அடகுக் கடன்கள் நொறுங்கி உலகையே மந்தத்தில் தள்ளின. சீனாவில் எவர்கிராண்டே நிறுவனம் 2021இல் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் தடுமாறியது. 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் அதைக் கலைக்க ஆணையிட்டது. இந்தியாவில் 2018இல் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ்., 2019இல் வீட்டுக் கடன் நிறுவனமான டி.எச்.எஃப்.எல். சரிந்தன. நொய்டாவில் அம்ரபாலி நிறுவனம் சுமார் 42,000 வீடுகளுக்குப் பணம் வாங்கிக்கொண்டு கட்டி முடிக்கவில்லை. 2019இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, பொதுத்துறை நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் பணியை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. தனியார் விழுந்தபோது தூக்கி நிறுத்த அழைக்கப்பட்டது பொதுத்துறை என்பதைத் தோழர்கள் மக்களிடம் சொல்ல வேண்டும்.

இத்தனை கட்டியும் வீடு யாருக்குக் கிடைத்தது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகர்ப்புறங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அதற்கு அடுத்த ஆண்டில் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1.87 கோடி என்று மதிப்பிட்டது. அதில் 95 விழுக்காடு ஏழைகளும் குறைந்த வருவாய்ப் பிரிவினரும். ஒருபுறம் ஆளில்லாத வீடு, மறுபுறம் வீடில்லாத ஆள். வீடு வாழ்வதற்காகக் கட்டப்படாமல் விலை ஏறுவதற்காகக் கட்டப்படுவதன் நேரடி விளைவு இது.

தங்கவயல் நிலம் யாருக்கு?

இப்போது அந்த அலை தங்கவயலின் வாசலுக்கு வந்திருக்கிறது. பெங்களூரு – சென்னை விரைவுச் சாலையின் ஹொஸ்கோட்டை – பேத்தமங்கலா பகுதி 2024 இறுதியில் வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பாரத் கோல்டு மைன்ஸ் வசம் சுமார் 12,000 ஏக்கர் நிலம் உள்ளது. பெமல் வசமிருந்த சுமார் 970 ஏக்கரை மாநில அரசு திரும்பப் பெற்றுத் தொழில் நகரியம் அமைப்பதாகச் சொல்கிறது. சயனைட் மேடுகளில் சுமார் 3 கோடி டன்னுக்கு மேல் கழிவு மண் குவிந்துள்ளது. அதிலிருந்து எஞ்சிய தங்கத்தை எடுக்க ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நிலத்தின் அடியிலிருந்ததை எடுத்து முடித்தவர்களின் கண் இப்போது நிலத்தின் மேல் விழுந்திருக்கிறது. அந்த நிலத்தின் மேல் ஸ்கெலட்டன் போன்ற குடியிருப்புகள் இருக்கின்றன. அவற்றில் மூன்று, நான்கு தலைமுறைகளாக மக்கள் வாழ்கிறார்கள்.

இங்கே தோழர்களிடையே இரண்டு கருத்துகள் எழுவது இயல்பு. ஒன்று: “மனை விலை ஏறினால் நம் மக்களுக்குத்தானே நல்லது? வீட்டுக்கு ஹக்குப் பத்திரம் வாங்கிக் கொடுத்தால் அவர்கள் கையிலும் நாலு காசு புரளுமே?” மற்றொன்று: “வீட்டுக்குச் சொந்தக்காரனாக்குவது குட்டி முதலாளித்துவ முழக்கம். எங்கெல்ஸ் இதை எதிர்த்திருக்கிறார்.” இரண்டையும் பொறுமையாக ஆராய வேண்டும்.

எங்கெல்ஸ் 1872–73இல் எழுதிய ‘குடியிருப்புப் பிரச்சினை’ புரூதோனியவாதிகளுக்கு மறுப்பு. ஒவ்வொரு தொழிலாளியையும் சிறு வீட்டுக்காரனாக்கிவிட்டால் பிரச்சினை தீரும் என்று அவர்கள் சொன்னார்கள். கூலி உழைப்பு நீடிக்கும்வரை அது தீராது. வீடு தொழிலாளியை ஓரிடத்தில் கட்டிப்போட்டு முதலாளிக்கு எளிய இரையாக்கும் என்று எங்கெல்ஸ் விளக்கினார். அந்த ஆய்வு இன்றும் சரியானது. ஆனால் இருக்கும் கூரையிலிருந்து மக்களை அப்புறப்படுத்த வரும்போது அதைத் தடுக்க வேண்டாம் என்று எங்கெல்ஸ் சொல்லவில்லை. தங்கவயல் மக்கள் கேட்பது புதிய சொத்து அன்று. வேலையைப் பறித்த அரசு வீட்டையும் பறிக்கக் கூடாது என்பதே அவர்களின் கோரிக்கை. கூலியோடு சேர்ந்து அவர்கள் மூதாதையர் உழைப்பில் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்ட கூரை அது. எனவே குடியிருப்போருக்கு உரிமைப் பத்திரம் என்ற கோரிக்கையைக் கட்சி தயக்கமின்றி உயர்த்திப் பிடிக்க வேண்டும்.

அதேவேளை முதல் கருத்தில் உள்ள ஆபத்தையும் காண வேண்டும். தனித்தனிப் பத்திரங்கள் தனித்தனியாகவே விலைபோகும். கடனில் இருக்கும் குடும்பம் முதலில் விற்கும். தரகர் ஒரு லைனில் நான்கு வீட்டை வாங்கிவிட்டால் ஐந்தாவது வீட்டுக்காரர் தானாக இறங்கி வருவார். சில ஆண்டுகளில் அந்த நிலம் முழுவதும் மனை முதலாளியின் கையில் சேர்ந்துவிடும். கையில் புரண்ட நாலு காசு பங்காருப்பேட்டையிலோ பெங்களூரு புறநகரிலோ வாடகையாகக் கரைந்துபோகும். விலையேற்றம் விற்கிறவருக்கே லாபம். வாழ்கிறவருக்கு அது வெளியேற்றும் சக்தி. விற்றபின் வேறு வீடு வாங்க வேண்டியவருக்கு அந்த லாபமும் கையில் நிற்காது.

இதற்கு மாற்று உண்டா? மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் வழி காட்டுகிறது. அங்கே நரசய்யா ஆடம் தலைமையில் பீடிச் சுற்றும் பெண் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அரசின் பங்கைப் போராடிப் பெற்று, கோதுதாய் பருலேகர் பெயரில் 10,000 வீடுகள் கொண்ட குடியிருப்பை உருவாக்கினர். பின்னர் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக ராய்நகரில் 30,000 வீடுகளுக்கான திட்டத்தையும் அதே வழியில் கொண்டுவந்தனர். கேரளத்தில் எம்.என்.கோவிந்தன் நாயர் அமைச்சராக இருந்தபோது 1972இல் தொடங்கிய லட்சம் வீடு திட்டமும் நினைவுகூரத்தக்கது. வீட்டைச் சந்தையிலிருந்து விலக்கி வைத்து உழைப்பாளிக்கு உறுதி செய்ய முடியும். அதற்குத் தேவை அமைப்பும் அரசியல் வலிமையும். தங்கவயலிலும் லைன் தோறும் குடியிருப்போர் கூட்டுறவு, குடும்பத்துக்குப் பரம்பரை வாழ்வுரிமை, பெண்களின் பெயரிலும் பத்திரம், வெளியாருக்கு விற்பதற்குக் கட்டுப்பாடு என்ற திசையில் கோரிக்கையை வளர்க்க வேண்டும்.

‘தொழில் நகரியம்’ என்ற பெயர்ப் பலகையையும் எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். தொழிலுக்கு என்று எடுக்கப்பட்ட நிலம் குடியிருப்பு மனைகளாகவும் கிடங்குகளாகவும் மாறிய அனுபவம் பல சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் உண்டு. தொழிற்சாலை வருவதைக் கட்சி எதிர்க்கவில்லை. வரவேண்டும் என்றே போராடுகிறது. எந்தத் தொழில், எத்தனை நிரந்தர வேலை, உள்ளூர் இளைஞருக்கு எத்தனை இடம், நிலம் குத்தகையா விற்பனையா, குறித்த காலத்தில் தொழில் தொடங்காவிட்டால் நிலம் அரசுக்குத் திரும்புமா என்ற கேள்விகளுக்கு எழுத்தில் விடை வேண்டும். சயனைட் மேட்டைத் தோண்டுவதானால் காற்றில் பறக்கும் தூசிக்கும் குடிநீருக்கும் யார் பொறுப்பு என்பதும் ஏலத்துக்கு முன்பே தீர்மானிக்கப்பட வேண்டும்.

உடனடிக் கடமைகள்

கட்டுமானத் தொழிலாளர்களுக்காக 1996இல் போராடிப் பெற்ற சட்டத்தின் கீழ், கட்டடச் செலவில் ஒரு விழுக்காடு நலநிதியாகத் திரட்டப்படுகிறது. நாடு முழுவதும் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் திரண்டும் கணிசமான பகுதி தொழிலாளியைச் சென்றடையவில்லை. இந்தச் சட்டத்தைத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் கரைத்து, அவற்றை 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. செலுத்த வேண்டிய தீர்வையைக் கட்டட உரிமையாளரே தாமாக மதிப்பிட்டுக்கொள்ளலாம் என்கிறது புதிய ஏற்பாடு. வரி செலுத்துபவரே வரியை முடிவு செய்வது போன்றது இது.

இந்நிலையில் தங்கவயல் கிளைகளின் முன் நான்கு பணிகள் உள்ளன.

முதலாவது, அன்றாடம் ரயிலேறும் கட்டுமானத் தொழிலாளர்கள் அனைவரையும் வீடு வீடாகக் கணக்கெடுத்து நலவாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 90 நாள் வேலைச் சான்று வாங்க முடியாமல் பலர் திரும்பி வருகின்றனர். மேஸ்திரியையும் ஒப்பந்தக்காரரையும் தனி ஆளாகச் சந்திப்பதைவிடச் சங்கமாகச் சந்திக்கும்போது அந்தச் சான்று கிடைக்கும்.

இரண்டாவது, வேலைத்தளத்தில் சிதறிக் கிடப்பவர்களை வசிப்பிடத்தில் திரட்ட வேண்டும். பெங்களூருவில் நூறு தளங்களில் பிரிந்து நிற்கும் தொழிலாளர்கள் இரவில் ஒரே லைனுக்குத் திரும்புகிறார்கள். ஒரே ரயில் பெட்டியில் பயணம் செய்கிறார்கள். பழைய சுரங்கச் சங்கம் ஷாஃப்டின் வாயிலில் கட்டப்பட்டது; இன்றைய சங்கத்துக்கு லைனும் ரயிலுமே வாயில். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் வேலை செய்வோரையும், முக்கியமாகப் பெண்களையும், இந்த அமைப்பில் சேர்க்க வேண்டும். கட்டடத்தை எழுப்புபவரும் அதைப் பராமரிப்பவரும் ஒரே மூலதனத்துக்கே உழைக்கிறார்கள்.

மூன்றாவது, லைன் தோறும் குடியிருப்புப் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். யார், எந்த வீட்டில், எத்தனை ஆண்டுகளாக வாழ்கிறார்கள் என்ற ஆவணத்தை மக்களே தயாரிக்க வேண்டும். அரசின் அளவைப் பணியாளர் வரும் நாளில் மக்களின் பட்டியல் தயாராக இருக்க வேண்டும்.

நான்காவது, வேலை என்ற கோரிக்கையை வீடு என்ற கோரிக்கையிலிருந்து பிரிக்காமல் நடத்த வேண்டும். வீடு கிடைத்து வேலை கிடைக்காவிட்டால் வீடு விலைபோகும். வேலை கிடைத்து வீடு பறிபோனால் கூலி வாடகையாகப் போகும். பொதுத்துறையின் முதலீட்டில் புதிய தொழில், அதில் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்கு முன்னுரிமை, வாழும் இடத்தில் உறுதியான உரிமை ஆகியவை ஒரே போராட்டத்தின் மூன்று முழக்கங்கள்.

மனை முதலாளித்துவம் வலிமையானதாகத் தோன்றுகிறது. ஆனால் அதன் ஒவ்வொரு தூணையும் எழுப்புவது உழைப்பாளியின் கை. கொத்தனாரும் சித்தாளும் ஒரு வாரம் தளத்துக்கு வராவிட்டால் அந்தக் கோபுரம் ஓர் அங்குலம்கூட உயராது என்பதை 2020இல் கட்டுமான முதலாளிகளே ஒப்புக்கொண்டார்கள். அதனால்தான் ரயிலை நிறுத்தச் சொன்னார்கள். முதலாளிகள் உணர்ந்துள்ள அந்த வலிமையைத் தொழிலாளர்களும் உணரச் செய்வதே கட்சியின் வேலை. அதற்கான பணி ஸ்கெலட்டன் கிளையின் அடுத்த கூட்டத்தில், பெயர்ப் பட்டியலோடு தொடங்கட்டும்.